நாய் நடக்கத் தயங்கினால் தரையைப் பாருங்கள்
செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலும் (முன்கூடம்) வளவிலும் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) நடக்கத் தயங்கி, சுவரோரமாகவே ஒதுங்கிச் செல்லும் நாயை, அடம் பிடிக்கிறது என்று அதட்டாமல், அதன் வழியில் நழுவாதபடி சணல் சாக்கை விரித்து நடக்கவிடுங்கள். பிறகு வெளியே மண்தரையிலும் நடக்கவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடியின் மேல் வார்த்தெடுக்கப்படும் ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓட்டின் வழவழப்பில் நாயின் நகம் பிடிமானம் பெறாது. கால்கள் அகன்று இடுப்பும் முழங்காலும் இழுபடுவதால், வழுக்கும் அச்சத்தில் அது படுத்த இடத்தைவிட்டு எழவே தயங்கும். சாக்கின் மேல் இயல்பாக நடந்தால் பெரும்பாலும் தரைதான் காரணம். வளர்ந்த நகத்தையும் பாதத் திண்டுகளுக்கு இடையிலுள்ள முடியையும் கத்தரித்துவிட்டால் பிடிமானம் இன்னும் கூடும். மண்தரையிலும் நொண்டினால், நம் பொட்டல் நிலங்களில் மண்டிக் கிடக்கும் நெருஞ்சி முள்ளோ, உண்ணியோ விரலிடுக்கில் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

வயதான நாய்க்கு மூட்டு வலியும் சேர்ந்திருக்கலாம் என்பதால், சாக்கு விரித்ததும் நடை தேறிவிட்டது என்று அதோடு விட்டுவிட வேண்டாம். திடீரென்று காலை ஊன்ற மறுத்தாலோ, பின்னங்கால்கள் இழுபட்டாலோ, தொட்டதும் உறுமினாலோ இந்தச் சோதனை பொருந்தாது. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வலி தணியட்டும் என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலோ இப்யூபுரோஃபெனோ கொடுக்கவே கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.