வாளையாற்றுக்கு மேலே போவது எந்த விமானம்? ஆப் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் வானம் தாராளமாகக் கிடைக்கும். வடக்கிலும் தெற்கிலும் மலை, நடுவில் பாலக்காட்டுக் கணவாய். கோவைக்கு வந்து போகிறவை, கொச்சியில் இறங்கத் தாழ்ந்து வருகிறவை, எங்கும் நிற்காமல் உயரத்தில் கடக்கிறவை என மூன்று வகையும் கண்ணில் படும். அடையாளம் காண ஒரு போன் போதும். ஆனால் மேப்பில் பார்ப்பது வேறு, வானத்தில் பிடிப்பது வேறு.

பறக்கும் விமானங்களை அப்போதைக்கப்போது மேப்பில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 ஆப்பின் இலவசப் பதிப்பே தொடங்கப் போதுமானது. நிறுவும்போது லொகேஷன் அனுமதியில் ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தோராயம் என்று விட்டுவிட்டால் உங்கள் புள்ளி சில கிலோமீட்டர் தள்ளி விழும்; பிறகு எதுவும் பொருந்தாது. வட்டாரம் முழுவதும் திரைக்குள் வரும் அளவுக்கு, அதாவது பொள்ளாச்சியும் பாலக்காடும் கோவையும் தெரியும்படி, மேப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லோரும் தவறுவது சத்தத்தில்தான். 35,000 அடி என்பது ஏறக்குறைய 10.7 கிலோமீட்டர். அங்கிருந்து சத்தம் கீழே வந்து சேர 33 விநாடி ஆகும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் அதற்குள் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். தலைக்கு நேர் மேலே இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்த்தால் அங்கே வெறும் வானம்தான் இருக்கும். கையை முழுதாக நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். அது வானத்தில் சுமார் 20 டிகிரி. சத்தம் வரும் இடத்திலிருந்து, விமானம் போகும் திசையில், இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப் பாருங்கள். விமானம் அங்கே இருக்கும். புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் மெதுவானது, தாழ்ந்தும் பறக்கும். அதற்கு ஒரு சாண் சொச்சம் போதும். தரையை நெருங்கி வேகம் குறைந்துவிட்ட விமானத்துக்கு அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல் போதும்.

தூரத்துக்கும் அதே சாண்தான். 35,000 அடியில் போகும் விமானம் மேப்பில் உங்களிடமிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அடிவானத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெரியும். 60 கிலோமீட்டர் என்றால் அரைச் சாண். அது தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்விடும், தேட வேண்டாம்.

போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால் கேமராப் படத்தின் மேலேயே விமானத்தின் பெயரைக் காட்டும் வசதியும் ஆப்பில் உண்டு. அது சரியாக வேலை செய்ய போனின் திசைகாட்டி சரியாக இருக்க வேண்டும். காந்தப் பூட்டு வைத்த கவரைக் கழற்றுங்கள். தகரக் கூரை, பைக், தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டம் ஆகியவற்றிலிருந்து விலகி நின்று, போனை எட்டு வடிவில் நாலைந்து முறை சுழற்றுங்கள். பிறகும் பெயர் ஒரு பக்கமும் விமானம் இன்னொரு பக்கமும் நின்றால் அந்த வசதியை விட்டுவிட்டு மேப்பையும் சாணையும் நம்புவதே மேல்.

ஆப் காட்டும் உயரம் உங்கள் மாடியிலிருந்து அளந்தது அல்ல. விமானம் காற்றழுத்தத்தை வைத்து, கடல் மட்டத்துக்கென்று வைத்த 1013.25 ஹெக்டாபாஸ்கல் என்ற நிலையான அழுத்தத்திலிருந்து கணக்கிட்டு அனுப்பும் எண் அது. கோவை விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. அது இருக்கும் பீளமேட்டை நெருங்கும் விமானத்துக்கு 2,300 அடி என்று காட்டினால் தரையிலிருந்து 1,000 அடிதான். மழைக்காலத்தில் அழுத்தம் குறையும் நாட்களில் எண் இன்னும் இருநூறு அடி கூடுதலாகவே நிற்கும்.

கொச்சி விமானங்களைப் பிடிக்க ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கவும் ஏறக்குறைய மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் வேண்டும். வாளையாற்றிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி நேர்கோட்டில் 90 கிலோமீட்டர். ஆகவே பெங்களூரிலிருந்து கொச்சிக்குப் போகும் விமானம் இங்கே வரும்போது 16,000 அடியை ஒட்டி இருக்கும். மேப்பில் அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் அது இறங்குகிறது. 36,000-இல் அசையாமல் நின்றால் எங்கோ தொலைவு போகிறது.

கோவை விமானங்களுக்குக் காற்றுதான் கணக்கு. அங்கே ஓடுபாதை 05/23, அதாவது வடகிழக்கு–தென்மேற்கு. அந்தக் கோட்டைத் தென்மேற்கே நீட்டினால் கிட்டத்தட்ட வாளையாற்றுக்கே வந்து சேரும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், ஏறும். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்று கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் பெரும்பாலும் வடகிழக்கே அவினாசிப் பக்கமிருந்து வந்து இறங்கும். கிளம்புகிறவை நம் பக்கம் ஏறும். மார்கழி, தையில் கீழ்க்காற்று வலுத்தால் இறங்குகிறவை நம் பக்கமிருந்து போகும். காற்று லேசாக இருந்தால் இரண்டு பக்கமும் நடக்கும். அன்று முதலில் இறங்கும் விமானத்தின் தடத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று முடிவு செய்யுங்கள்.

ஆப் காட்டும் அழைப்புக் குறியீட்டில் (கால்சைன்) ஐஜிஓ என்றால் இண்டிகோ, ஏஐசி ஏர் இந்தியா, ஏஎக்ஸ்பி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், யுஏஈ எமிரேட்ஸ், டிஜிடபிள்யூ ஸ்கூட். ரகத்தில் ஏ20என் என்பது ஏ320 நியோ, ஏடி76 என்பது ஏடிஆர் 72-600. விடி என்று தொடங்கும் பதிவு எண் இந்திய விமானத்துடையது.

சில விமானங்கள் மேப்பில் திடீரென மறையும். விமானம் தன் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. ஆர்வலர்கள் வீடுகளில் வைத்திருக்கும் ரிசீவர்கள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. நடுவில் மலை வந்தால் சிக்னல் இல்லை. தாழப் பறப்பவை ஆனைமலைக்குப் பின்னால் காணாமல் போவது இதனால்தான். சிக்னல் அறுந்த பிறகும் ஆப் கொஞ்ச நேரம் ஊகமாக ஐகானை நகர்த்தும். விவரப் பகுதியில் ‘கணிப்பு’ என்ற பொருளில் குறிப்பு இருந்தால் அந்த இடத்தை வானத்தில் தேடாதீர்கள். நீல நிற ஐகான் செயற்கைக்கோள் வழி வந்த தகவல்.

காதைப் பிளக்கும் சத்தம், மேப்பில் ஒன்றுமே இல்லை என்றால் அது சூலூர் விமானப்படைத் தளத்தின் விமானமாக இருக்கலாம். படை விமானங்கள் தம் இடத்தைக் காட்ட வேண்டியதில்லை. அவற்றைக் கண்ணால் பார்ப்பதோடு விடுங்கள். தளத்தின் அருகே கேமராவை எடுக்கவே கூடாது. அதுபோல 7700 என்ற அவசரக் குறியீட்டோடு ஒரு விமானம் சிவப்பாக மாறினால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். உடல்நலம் குன்றிய ஒரு பயணிக்காகவும் அந்த எண் போடப்படும். உள்ளே யாருடைய வீட்டு ஆளோ உட்கார்ந்திருக்கிறார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், குறியீடு, ரகம், உயரம், திசை, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதி வாருங்கள். காற்றுக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.