பிறவி நிறத்தையும் வெயில் நிறத்தையும் பிரித்தறியும் முறை

ஒருவரது தோலின் பிறவி நிறத்தை அறிய முகத்தைப் பார்ப்பதில் பயனில்லை; அக்குளை ஒட்டிய மேற்கையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெயில் மிகக் குறைவாகப் படும் இடம் என்பதால் ஆய்வாளர்களும் அங்கேதான் அளக்கிறார்கள். மஞ்சளும் எண்ணெயும் போகக் கழுவித் துடைத்து, குழல்விளக்கைத் தவிர்த்துத் திண்ணை நிழலின் பகல் வெளிச்சத்தில் நின்று, அவ்விடத்தை முன்கையின் வெளிப்புறத்தோடு ஒப்பிடுங்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் களையெடுப்பவருக்கு வேறுபாடு பளிச்செனத் தெரியும்; திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுவதும் கூரையின்கீழ் தைப்பவருக்கு அவ்வளவு தெரியாது. அந்த வேறுபாடே வெயில் சேர்த்த நிறம். உள்ளங்கையோடு ஒப்பிட வேண்டாம். அங்கே எல்லோருக்கும் நிறமி குறைவு.

மேல்தோலின் அடியடுக்கில் உள்ள நிறமிச் செல்கள் மெலனின் என்னும் நிறமியைச் சிறு பொதிகளாக்கி அண்டைச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அப்பொதிகள் செல்லின் உட்கருவுக்கு மேல் குடைபோலக் கவிந்து, புறஊதாக் கதிரிலிருந்து மரபுப்பொருளைக் காக்கின்றன. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. பொதிகளின் பருமனும் மெலனினின் வகையும் அளவுமே மாறுகின்றன.

ஐயமிருந்தால் முழுக்கைச் சட்டை அணிந்து ஓரிரு மாதம் கழித்து மீண்டும் ஒப்பிடலாம். மேல்தோல் உதிர்ந்து புதிதாவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். வெயில் நிறம் அதற்குள் மங்கத் தொடங்கும், பிறவி நிறம் மங்காது. அதை வெளுக்க வைப்பதாக விற்கும் களிம்புகளில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பதுண்டு. அவற்றைத் தொடாதிருப்பதே நல்லது. சோதித்துப் பார்க்கும் இந்த ஓரிரு மாதமும் நிழலையும் கவனியுங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் புறஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடலைக் குளிர்விக்குமே தவிர, அக்கதிரைத் தடுக்காது.

கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 20, ஆகஸ்ட் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இத்தகைய வெயிலில் இரத்தத்திலுள்ள ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமின் சிதையாமல் காக்கக் கருநிறமும், கதிர் குறைந்த வடபுலங்களில் வைட்டமின் டி உருவாக வெளிர்நிறமும் உதவின என்பது 2000-இல் ஆய்வாளர்கள் நீனா யப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் முன்வைத்த விளக்கம். ஆயினும் குடிப்பெயர்ச்சியும் கலப்பும் நிகழ்ந்த நிலத்தில் அட்சரேகையை மட்டும் வைத்து நிறத்தைக் கணிக்க முடியாது. உடன்பிறந்தவர்களின் மேற்கைகளை ஒப்பிட்டால் இது விளங்கும்: நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல, 2005-இல் வரிக்குதிரை மீன் ஆய்வின் வழியே வெளிப்பட்ட எஸ்எல்சி24ஏ5 அவற்றில் ஒன்று. ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லோரிடமும் காணப்படும் அதன் வெளிர்நிற வடிவம் தென்னிந்தியர் பலரிடமும் உண்டு; ஆகவே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு அது கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமலும் போகலாம்.