ரெப்ளிகா காட்டும் பூஜ்யம்: தாமதத்தை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ரெப்ளிகாவில் (மூல சர்வரான பிரைமரியின் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுக்கும் சர்வரில்), தாமதத்தை வினாடியில் சொல்லும் ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்’ பூஜ்யம் காட்டினால் பிரைமரியில் உள்ளதெல்லாம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. வந்து சேர்ந்து ரிலே லாக் என்ற கோப்பில் எழுதப்பட்ட மாற்றங்களைச் செயல்படுத்துவதில் அப்ளையர் த்ரெட் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. நெட்வொர்க் மந்தமாகி மாற்றங்கள் வந்து சேராதபோது, அப்ளையருக்கு வேலை இல்லாததால், அங்கே பூஜ்யமே தெரியும். தபால்காரர் வராத நாளில், பிரிக்காத கடிதம் ஒன்றும் இல்லை என்று மகிழ்வதைப் போன்றது இது.

ரெப்ளிகேஷன் நின்றுபோனால் அதே இடத்தில் ‘நல்’ (மதிப்பு இல்லை) வரும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யமாக மாற்றிவிட்டால் மிக மோசமான நிலையே மிக நல்ல நிலையாகத் தோன்றும்.

பெரிய டேபிள் ஒன்றின் அமைப்பை மாற்றும் ஆல்டர் கட்டளை பிரைமரியில் 40 நிமிடம் ஓடுகிறது என்று கொள்வோம். அது முடிந்த பிறகே, மாற்றங்களைப் பதிவுசெய்யும் பின்லாகில் எழுதப்படுவதால் அதுவரை ரெப்ளிகாவில் அதன் சுவடே இராது. பிறகு ரெப்ளிகா அதே வேலையைத் தொடங்க, பின்னால் வரும் மாற்றங்கள் எல்லாம் காத்திருக்க, எண் மளமளவென்று ஏறும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. ரெப்ளிகாவில் கடைசியாக ரீப்ளே ஆன (செயல்படுத்தப்பட்ட) டிரான்ஸாக்ஷனின் நேரத்தை நடப்பு நேரத்திலிருந்து கழித்தால், நள்ளிரவில் 20 நிமிடம் யாரும் எதையும் எழுதாத நிலையில், 1,200 வினாடி தாமதம் என்று காட்டி, தூங்குபவரை எழுப்பிவிடும். இதற்கு மாற்றாக, ரெப்ளிகா பெற்ற எல்எஸ்என்னும் (மாற்றங்களின் பதிவில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்) ரீப்ளே ஆன எல்எஸ்என்னும் சமமானால் பூஜ்யம் என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இணைப்பு அறுந்தாலும் அவை சமமாகவே இருக்கும் என்பதால், மைஎஸ்கியூஎல்லின் குறையை நாமே இங்கே கொண்டுவந்து சேர்க்கிறோம். பிரைமரியின் ‘பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன்’ வியூவில் பார்ப்பது மேல். ஆனால் ரெப்ளிகா துண்டிக்கப்பட்டால் அதன் வரிசையே அங்கிருந்து மறைந்துவிடும் என்பதால், வரிசை இல்லாததற்கும் அலர்ட் வைக்க வேண்டும்.

இரண்டிலும் நான் நம்புவது ஹார்ட்பீட் டேபிளைத்தான். பிரைமரியில் வினாடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதி, ரெப்ளிகாவில் அதைப் படித்துக் கழித்தால் போதும். மைஎஸ்கியூஎல்லுக்கு பிடி-ஹார்ட்பீட் என்ற கருவி இதையே செய்கிறது. இரு சர்வர்களின் கடிகாரங்களும், நேரத்தை நெட்வொர்க் மூலம் சரிசெய்யும் என்டிபி வழியே ஒத்திருக்க வேண்டும்: ரெப்ளிகாவின் கடிகாரம் 3 வினாடி பின்தங்கியிருந்தால், உண்மையான 3 வினாடித் தாமதமும் பூஜ்யமாகவே தெரியும்.