முகாமுக்கு மடக்குக் கத்தி வாங்குமுன்

சிங்கப்பூரில் புலாவ் உபின் தீவிலோ பாசிர் ரிஸ் கடற்கரையிலோ கூடாரம் போட, 6 முதல் 8 செ.மீ. அலகுள்ள மடக்குக் கத்தி தாராளம். திறந்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டு இருந்தால் நல்லது. பூட்டில்லாத கத்தியின் முனையால் குத்தித் துளையிட்டால், அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும்.

இங்கே பெரிய எதிரி துரு. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும். ஆனால் உப்புக் காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள். அதையும் கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, எல்லா அலகுகளையும் விரித்து உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விடவேண்டும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

பூங்கா மரங்களை வெட்டக்கூடாது என்பதால் கத்தியோடு சேர்ந்து வரும் ரம்பத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கத்தரிக்கோல்தான் அதிகம் உதவும். விக்டோரினாக்ஸ் கிளைம்பர் என்ற மடக்குக் கத்தியில் அது உண்டு, பூட்டு மட்டும் கிடையாது. இடுக்கி தேவையென்றால் லெதர்மன் வகைப் பல்கருவி.

பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டது. சாதாரணக் கத்தியையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் சிக்கல்தான். முகாம் சாமான்களோடு பையின் அடியில் வையுங்கள். தினசரிக்கு அலகில்லாத சிறு கருவியே போதும்.