சமச்சீர்மை படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் முதுநிலை இயற்பியல் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்றைத் திருப்பினாலும் மாற்றினாலும் அது அப்படியே இருந்தால் அதைச் சமச்சீர்மை என்கிறோம். நாங்கள் படித்த காலத்தில் விழுந்த குழியிலேயே ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் வந்து விழுகிறார்கள். குறி மாறிப்போவது, அணியைத் தவறாகப் பெருக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு கணக்குப் போட்டால் அவை தாமே சரியாகிவிடும்.

விதியின் சமச்சீர்மையைத் தீர்வில் தேடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவி பலகையில் பூமியின் நீள்வட்டப் பாதையை வரைந்தார். "இதைத் திருப்பினால் வேறு படமாகிவிடுகிறது, சார். சுழற்சிச் சமச்சீர்மை இல்லை. அப்படியானால் கோண உந்தம் மாறத்தானே வேண்டும்?" என்றார். சுழற்சிச் சமச்சீர்மை இருந்தால், சுற்றும் இயக்கத்தின் அளவான கோண உந்தம் மாறாது என்பது பாடம். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்ற கெப்ளரின் இரண்டாம் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும். கோண உந்தம் மாறாது என்பதைத்தானே அந்த விதி சொல்கிறது!

கணக்குப் போடச் சொன்னேன். மார்கழிப் பனியில் நாம் நடுங்கும் ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது: 14.71 கோடி கி.மீ., வேகம் நொடிக்கு 30.29 கி.மீ. வேலூர் கத்திரி வெயிலில் வேகும்போது அது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. ஜூலையில் 15.21 கோடி கி.மீ., வேகம் 29.29. பூமியின் நிறை மாறாததால், இந்த இரண்டு இடங்களிலும் தொலைவையும் வேகத்தையும் பெருக்கினாலே கோண உந்தத்தை ஒப்பிட்டுவிடலாம். பெருக்கிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் 445.5ஐ ஒட்டியே வரும்.

சூரியனின் ஈர்ப்பு தொலைவை மட்டுமே பார்க்கிறது, திசையைப் பார்ப்பதில்லை. அந்த நீள்வட்டத்தைச் சூரியனைச் சுற்றி எந்தக் கோணத்துக்குத் திருப்பி வைத்தாலும் அதுவும் பூமி போகக்கூடிய பாதைதான். இத்தனை பாதைகளையும் தரும் சமன்பாட்டில்தான் சமச்சீர்மை இருக்கிறது. சமச்சீர்மையிலிருந்து மாறாத அளவு கிடைக்கும் என்று கணிதவியலாளர் எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட தேற்றம் பேசுவதும் அதைப் பற்றியே.

இங்கே தடுமாறியவர் பின்னால் பெரிய விலை கொடுக்கிறார். அணுக்கருவின் பீட்டாச் சிதைவுக்குக் காரணமான மென்விசை, கண்ணாடியில் தெரிவதுபோன்ற இட வல மாற்றத்தை மதிப்பதில்லை என்று சியென்-ஷியுங் வூவின் கோபால்ட்-60 சோதனை 1957இல் காட்டியது. அங்கே விதியிலேயே சமச்சீர்மை இல்லை. இரும்பு 770 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்து காந்தமாவது முற்றிலும் வேறு. படிக அமைப்பின் சிறு விளைவுகளை ஒதுக்கினால், விதிக்கு எல்லாத் திசையும் ஒன்றே. இரும்புதான் ஒரு திசையைப் பிடித்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாதவர் துகள்களுக்கு நிறை வருவதை இப்படி விதியில் இருந்தும் நிலையில் மறையும் சமச்சீர்மையால் விளக்கும் ஹிக்ஸ் பாடத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் நோதரை அழைப்பது

அவருடைய தேற்றம் தொடர்ச்சியான சமச்சீர்மைகளுக்கு மட்டுமே. எவ்வளவு சிறிய கோணத்துக்கும் திருப்பலாம் என்பதால் சுழற்சி தொடர்ச்சியானது; இட வல மாற்றம் அப்படியல்ல.

கேஜ் சமச்சீர்மையை இயற்கையில் நடக்கும் மாற்றமாக நினைப்பது

மின்காந்தவியலில் மின்னழுத்தம் போன்ற அளவுகளை மாற்றி எழுதினாலும் அளக்கக்கூடிய எதுவும் மாறாமல் இருப்பதே கேஜ் சமச்சீர்மை. ஒரே நிலையை நாம் பல விதமாக எழுதுகிறோம், அவ்வளவுதான்.

புற விசையை மறப்பது

கயிற்றில் கட்டிய குண்டு எல்லாப் பக்கமும் ஆடலாம். ஆனால் ஈர்ப்பு கீழ்நோக்கி இழுப்பதால் செங்குத்து அச்சைச் சுற்றிய சமச்சீர்மை மட்டுமே மிஞ்சுகிறது. கோண உந்தத்தில் அந்த ஒரு கூறு மட்டுமே மாறாது. மூன்று கூறுகளும் மாறிலி என்று எழுதிய விடைத்தாளுக்கு நான் பாதி மதிப்பெண்கூடத் தருவதில்லை.