கெர்னல் பேனிக் வந்துவிட்டதா? பவர் பட்டனைத் தொடும் முன் திரையைப் படமெடுங்கள்

லினக்ஸ் கணினி டெஸ்க்டாப்புக்குப் போகாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. வரிவரியாக வெள்ளை எழுத்துகள், கடைசியில் ‘கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்’ என்று ஒரு வரி. கீபோர்டு, மவுஸ் எதற்கும் அசைவில்லை. சில மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் பலர் இந்த இடத்தில் எல்லாம் போய்விட்டது என்று முடிவு செய்து, பென்டிரைவை எடுத்து முதலிலிருந்து இன்ஸ்டால் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. உங்கள் கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஏன் இப்படி நிற்கிறது? நினைவகம், வட்டு, டிரைவர்கள் எல்லாவற்றையும் ஆள்வது அதுதான். தன் உள்கணக்கே பிசகிவிட்டது என்று தெரிந்த பிறகும் அது தொடர்ந்து ஓடினால், தவறான தரவை உங்கள் கோப்புகளின் மேல் எழுதிவிடக்கூடும். அதனால் வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் (‘நாட் சிங்கிங்’ என்பது இதைத்தான் சொல்கிறது) அங்கேயே நின்றுவிடுகிறது. விண்டோஸின் நீலத்திரையும் இதே வகைதான். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பகுதி கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. பிழையான ஒரு அப்டேட் கோப்பைப் படிக்கப் போய் அது தடுக்கியது, கணினி முழுவதும் நின்றது. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழித்ததும் கணினிகள் எழுந்தன. லினக்ஸிலும் வழி இதுதான்: பழுதான பகுதியைத் தவிர்த்து உள்ளே நுழைவது, பிறகு அதை மட்டும் சரிசெய்வது.

இங்கே லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை வைத்து விளக்குகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: திரையைப் படமெடுங்கள்

கைப்பேசியில் முழுத் திரையும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். பேனிக் ஆன கெர்னல் பெரும்பாலும் பதிவுக் கோப்பில் எதையும் எழுதி வைக்காது, ஆகவே இந்தப் படம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 முதல், பிழை விவரத்தை க்யூஆர் குறியீடாகக் காட்டும் வசதியும் கெர்னலில் இருக்கிறது. உங்கள் லினக்ஸில் அதை இயக்கியிருந்தால் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதற்குள் கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறதா? படி 3-இல் சொல்லும் க்ரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘பேனிக்=0’ என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். இந்த முறை பேனிக் வந்தால் திரை அப்படியே நிற்கும்.

படி 2: எப்போது வந்தது, கடைசி வரி என்ன?

எப்போது வந்தது என்ற கேள்விக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். அப்டேட் முடிந்து கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் வந்தது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் மென்பொருள் சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் பிரவுசரில், இன்னொரு நாள் கோப்பு நகலெடுக்கையில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செய்தியோடு வருகிறது என்றால் ரேம் மீது சந்தேகப்படுங்கள்.

அப்புறம், ‘நாட் சிங்கிங்’ என்பதை அடுத்து வரும் சொற்கள். ‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்’ என்று இருந்தால், கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் கணினியின் முதன்மை வட்டை அதனால் திறக்க முடியவில்லை. ‘அட்டெம்ப்டட் டு கில் இனிட்’ என்றால், மற்ற எல்லா நிரல்களையும் தொடங்கிவைக்கும் முதல் நிரலே செத்துவிட்டது. ‘ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்டரப்ட்’ பெரும்பாலும் டிரைவரைக் காட்டும். ‘மெஷின் செக்’ என்ற சொல் கண்ணில் பட்டால், பிழையைச் சொல்வது பிராசஸரே. நேராகப் படி 6-க்குப் போங்கள்.

படி 3: பழைய கெர்னலில் நுழையுங்கள்

உபுண்டு அப்டேட் ஆகும்போது பழைய கெர்னலை உடனே அழித்துவிடாது. இது உங்களுக்காகவே வைத்திருக்கும் வழி. கணினியை ஆன் செய்து, தயாரிப்பாளரின் லோகோ மறையும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியானால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்திருங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் ‘க்ரப்’ என்ற வெற்று வரியில் போய் நிற்கும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கொடுத்து மறுபடி முயலலாம்.

மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு’ என்பதைத் திறந்தால் கெர்னல்கள் பதிப்பு எண்ணோடு வரிசையாக இருக்கும். எண் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கணினி எழுந்துவிட்டதா? சரி, வட்டும் ரேமும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. சிக்கல் புதிய கெர்னலிலோ, அதற்குத் துணையாக உருவாகும் கோப்பிலோ, அதற்காகக் கட்டப்பட்ட டிரைவரிலோ இருக்கிறது.

படி 4: பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறதா?

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கெர்னல் எழும்போது அதற்கு உங்கள் வட்டைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் வேண்டும். அவையும் அந்த வட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. இந்தச் சிக்கலைத் தீர்க்க, தேவையான டிரைவர்களை மட்டும் சுருக்கி ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு கோப்பில் வைத்து, கெர்னலோடு சேர்த்தே க்ரப் நினைவகத்தில் ஏற்றிக்கொடுக்கிறது. ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாக ஒரு கோப்பு.

வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்து உபுண்டுவை நிறுவியிருந்தால், கெர்னல் கோப்புகள் இருக்கும் ‘பூட்’ என்பது தனியான, சிறிய பார்ட்டிஷன் (வட்டில் பிரித்துவைத்த ஒரு பகுதி). பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிட்டால், புதிய கெர்னல் உள்ளே வந்துவிடும், அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடமிருக்காது. அப்டேட் ஓடியபோது பிழைச் செய்தி வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை ஆன் செய்யும்போது வட்டைத் திறக்க வழியில்லாமல் ‘அன்நோன்-பிளாக்(0,0)’ என்று சொல்லிக் கெர்னல் நின்றுவிடும்.

பழைய கெர்னலில் இருந்தபடியே டெர்மினலைத் திறந்து, ‘டிஎஃப் -எச் /பூட்’ கொடுங்கள். 100% என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. ‘யுநேம் -ஆர்’ கொடுத்தால் இப்போது ஓடும் கெர்னலின் எண் தெரியும். அதை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் கோப்புகளை அழிப்பதும் வேண்டாம். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ என்ற கட்டளை தேவையற்ற கெர்னல்களை மட்டும் முறையாக நீக்கும். இடம் கிடைத்ததும் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்தால் பாதியில் நின்ற அப்டேட் முடியும். கடைசியாக ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டுப் புதிய கெர்னலின் முழுப் பதிப்புப் பெயரைக் கொடுத்து, ‘சூடோ அப்டேட்-க்ரப்’ ஓட்டுங்கள். இந்த இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராவிட்டால் மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டெர்மினல் பழகாதவர்கள், அதே க்ரப் மெனுவில் பழைய கெர்னலின் ‘ரிகவரி மோட்’ வரியைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே ‘க்ளீன்’, ‘டிபிகேஜி’, ‘க்ரப்’ என்ற வரிகளை இதே வரிசையில் கொடுத்தால் ஏறக்குறைய இதே வேலை நடக்கும்.

படி 5: டிரைவரும் கோப்பு முறைமையும்

என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றின் டிரைவர்கள் கெர்னல் மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்பட வேண்டும். அது தவறினால் சிக்கல் வரும். படத்தில் ‘டெயின்டட்’ என்ற சொல்லும் பக்கத்தில் ‘பி’, ‘ஓ’ எழுத்துகளும் இருந்தால், வெளியிலிருந்து வந்த டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அது குற்றவாளி என்று அர்த்தமில்லை, முதலில் சோதிக்க வேண்டியது அதை என்பது மட்டுமே. திரைக்கான டிரைவர் என்றால் க்ரப்பில் அதே லினக்ஸ் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ சேர்த்துப் பாருங்கள். எழுந்துவிட்டால் அந்த டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள்.

பழைய கெர்னலிலும் ‘அட்டெம்ப்டட் டு கில் இனிட்’ தொடர்ந்தால், கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) சேதமாகியிருக்கலாம் அல்லது முக்கியமான லைப்ரரி கோப்பு காணாமல் போயிருக்கலாம். உபுண்டு பென்டிரைவில் ‘ட்ரை’ முறையில் நுழைந்து, முதலில் உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். பிறகு அந்தப் பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்துவிட்டு (அதாவது பயன்பாட்டிலிருந்து விடுவித்து), கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை ஓட்டுங்கள். மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் இதை ஓட்டினால் இருக்கிற கோப்புகளும் கெடக்கூடும்.

படி 6: வன்பொருள்

புதிதாகச் செருகிய யூஎஸ்பி சாதனங்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற ரேம் வேகம் கூட்டும் அமைப்பு ஓடினால் அணையுங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு முழுச் சுற்றாவது முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் ரேமை நம்பாதீர்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால் எது பழுது என்று தெரிந்துவிடும். வட்டின் நிலையை அறிய ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ கட்டளையோடு வட்டின் பெயரைக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண்ணிக்கை சுழியமாக இல்லாவிட்டால், உடனே பேக்கப் எடுத்துவிட்டு மாற்று வட்டு தேடுங்கள். ரேம் பழுதோடு எத்தனை முறை புதிதாக இன்ஸ்டால் செய்தாலும் பேனிக் திரும்ப வரும், இன்ஸ்டால் ஆகும்போதே கோப்புகள் கெடவும் கூடும்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால், கணினி எழும் நேரத்தில் ‘/வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர்’ ஃபோல்டரைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது) உள்ள கணினிகள் சிலவற்றில் கெர்னலின் கடைசி வரிகள் மதர்போர்டின் நினைவகத்தில் சேமிக்கப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் அங்கே வந்து சேரும். அந்தக் கோப்பு, முதல் படியில் எடுத்த படம், கெர்னல் பதிப்பு எண், கடைசியாக நீங்கள் செய்த மாற்றம் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்து விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.