பாலிமர் க்ளே கம்மலும் அப்பத்தா பொம்மையும், ரங்கூன் கரண்ட்டை வச்சுக்கிட்டு செய்யறது எப்படி

பாலிமர் க்ளேன்னா பேர்லதான் மண்ணு, உள்ள மண்ணே கிடையாது, பி.வி.சி. தூளும் அதை இளக்கி வைக்கிற திரவமும் கலர்ப்பொடியும் சேர்ந்ததுதான் அது. அதனால காத்துல வச்சா காயாது, மாசக்கணக்கா அப்படியே கொழகொழன்னு கிடக்கும், சரியான சூட்டுல வேக வச்சாத்தான் கெட்டியாகும். எல்லாரும் கைவேலையைப் பத்தித்தான் கேக்கறாங்க, ஆனா நான் தூக்கிப்போட்ட பொருள்ல முக்காவாசி கையில கெட்டது இல்ல, ஓவன்ல கெட்டது. அதுவும் நான் இருக்கிறது ரங்கூன்ல, இங்க கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாது, அதனால வேகவைக்கிறதை முதல்ல சொல்லிடறேன்.

சின்ன டேபிள் ஓவன் போதும், ஆனா அதுல அப்புறம் சோறு குழம்பு கேக்குன்னு எதுவும் வைக்காதீங்க, இதுக்குன்னே ஒண்ணு. அதோட ஓவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு கட்டாயம் வாங்குங்க, க்ளேயை விட முக்கியம்னே சொல்வேன். குமிழ்ல 130 டிகிரி செல்சியஸ்னு திருப்பி வச்சிருப்போம், உள்ள 150 இருக்கும், வோல்டேஜ் எறங்குன நேரம் பார்த்தா 100 கூட ஏறாது, நம்ம வீட்டுல சாயங்காலம் 7 மணிக்கு மேல அந்தக் கூத்துதான். க்ளேயில பல கம்பெனி இருக்கு, ஃபீமோ சாஃப்ட்டுங்கிற க்ளேக்கு 110 டிகிரி, 30 நிமிஷம். ஸ்கல்ப்பி ப்ரீமோவுக்கு 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 30 நிமிஷம்னு கணக்கு. பேர் தெரியாத பாக்கெட்டா இருந்தா முதல்ல ஒரு மெல்லிசு பட்டையை மட்டும் வேக வச்சு, ஆறினதும் வளைச்சுப் பாருங்க. வளைஞ்சு திரும்பி வந்தா வெந்திருக்கு, பிஸ்கட் மாதிரி படக்குன்னு ஒடைஞ்சா வேகல. சூடு மிஞ்சிடுச்சுன்னா கருகும், அப்ப வர்ற புகையில ஹைட்ரஜன் குளோரைடு வாயு இருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும், உடனே ஓவனை ஆஃப் பண்ணி ஜன்னலைத் தொறந்துட்டு வெளிய போயிடுங்க. மேல ஒரு அலுமினியம் ஃபாயிலை கூடாரம் மாதிரி கவுத்து வச்சா வெள்ளையும் மஞ்சளும் பழுப்பேறாம தப்பிக்கும்.

சரி, 12 நிமிஷத்துல கரண்ட் போயிடுச்சு, என்ன செய்யறது? ஒண்ணும் செய்ய வேணாம், கதவையே தொறக்காதீங்க. பாலிமர் க்ளேயை எத்தனை தடவை வேணும்னாலும் திரும்ப வேக வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. நான் முதல் தடவை பதறிப்போய் அரைவேக்காட்டுல வெளிய எடுத்துப் பார்க்கப்போய் ஒரு பொம்மைக் கழுத்தே தனியா வந்துடுச்சு. இப்பல்லாம் அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிடறேன், தெருவுல பசங்க “மீ லாபி!”ன்னு, அதாவது கரண்ட் வந்துடுச்சுன்னு பர்மியில, கத்தற சத்தம் கேட்டதும் வந்து சூடு ஏறினதும் முதல்லேர்ந்து முழு 30 நிமிஷம் வைக்கிறேன், விட்ட இடத்துலேர்ந்து கணக்கு பண்றது இல்ல. முடிஞ்சதும் ஓவனுக்குள்ளயே ஆறணும்.

இனி க்ளே. பாக்கெட்டைப் பிரிச்ச உடனே செய்ய உக்காராதீங்க, சப்பாத்தி மாவு மாதிரி நல்லா பிசையணும், மடிச்சா ஓரம் வெடிக்காத வரைக்கும். பழசாகி உதிர்ற க்ளேன்னா பேபி ஆயில் ரெண்டு சொட்டு, அதுக்கு மேல ஊத்தினா சேறாயிடும். ஏப்ரல் மாச வெயில்ல நேர் எதிர், கையில ஒட்டிக்கிட்டு வராது, அப்ப ரெண்டு வெள்ளைப் பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமான புக்கு ஒண்ணை வச்சுடுங்க, கூடுதல் எண்ணெயைப் பேப்பர் குடிச்சிடும். வெள்ளையும் மஞ்சளும் முதல்ல, கறுப்பும் சிவப்பும் கடைசியில, இல்லன்னா கை அழுக்கெல்லாம் வெள்ளையில ஏறிடும், எங்க வீட்டுப் பூனை முடி உட்பட.

கம்மலுக்கு நான் செய்யறது படாவுக் பூ. திஞ்ஜான், அதான் ஏப்ரல்ல வர்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழா, அந்த நேரத்துல முதல் மழை பட்டதும் மரம் பூரா மஞ்சளா பூக்குமே அதான், நம்ம வேங்கை மரத்துக்கு சொந்தக்கார மரம், பூ ஒரு நாள்தான் நிக்கும், ஊரே கொண்டையில வச்சுக்கிட்டுத் திரியும். மஞ்சள்ல ஒரு மிளகளவு ஆரஞ்சு கலந்து, கடுகை விடக் கொஞ்சம் பெருசா அஞ்சு உருண்டை. ஒவ்வொண்ணையும் பெருவிரலால நசுக்கி, ஓரத்தை ஊசியால அங்கங்க லேசா கீறி சுருக்குங்க, அந்தப் பூ இதழ் இஸ்திரி போட்ட மாதிரி இருக்காது, கசங்கித்தான் இருக்கும், அதைச் செய்யலன்னா சாமந்தின்னு சொல்லிடுவாங்க. அஞ்சையும் ஒண்ணு மேல ஒண்ணு ஓரம் ஏறுற மாதிரி அடுக்கி, பின்னாடி வளையம் போட்ட கம்பியை அழுத்திச் சொருகி அப்படியே வேக வைங்க. மூணு நாலு பூ சேர்த்துக் கோத்தா கொத்து. காதுல மாட்டுற கொக்கி வெள்ளியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்க, மலிவுக் கொக்கியில நிக்கல் இருந்தா நிறைய பேருக்குக் காது புண்ணாகும். பளபளப்பு வேணும்னு நெயில் பாலிஷ் மட்டும் அடிக்காதீங்க, அன்னைக்கு ஜம்முன்னு இருக்கும், கொஞ்ச நாள் போனா பிசுபிசுன்னு க்ளேயையே இளக்கிடும். வாட்டர் பேஸ்டுன்னு விக்கிற, தண்ணியை அடிப்படையா வச்ச வார்னிஷ்தான் சரி.

இப்ப பொம்மை. ஃபீமோ கதையே பொம்மையில ஆரம்பிச்சதுதான் தெரியுமா, 1939 வாக்குல ஜெர்மனியில கேத்தே க்ரூஸங்கிற பொம்மைக்காரம்மாவுக்கு தலை செய்ய ஒரு பிளாஸ்டிக்கை காட்டியிருக்காங்க, அவங்க தொழிலுக்கு அது ஒத்துவரல, அவங்க பொண்ணு ஃபீஃபி அதை எடுத்து வேலை செஞ்சு பார்க்க, அவங்க பேர்லேர்ந்துதான் ஃபீமோங்கிற பேரும் வந்தது.

நான் செய்யறது அப்பத்தா, 18 செண்டிமீட்டர் உயரம். முழு உடம்பையும் க்ளேயில செஞ்சா கனமும் காசும் தாங்காது. தலை, முழங்கை வரைக்கும் கை, முழங்கால் வரைக்கும் கால், இவ்வளவுதான் க்ளே, மீதி கட்டுக்கம்பி, அதுமேல பஞ்சு, அதுமேல துணி. தலைக்கு அலுமினியம் ஃபாயிலை நெல்லிக்காயை விடச் சின்னதா இறுக்கி உருட்டி, கரண்டி முதுகால தேய்ச்சு வழவழப்பாக்கிக்கோங்க, சுருக்கத்துல காத்து நின்னா வேகும்போது கொப்புளம் வரும். அது மேல 3 மில்லிமீட்டர் கனத்துக்கு க்ளே. கடையில தோல் கலர்னு விக்கிறது ரோஸ் கலர், அது நம்ம ஆளுங்க தோல் இல்ல. நான் கரும்பழுப்பு, காவி, துளி சிவப்பு கலந்து, அதுல கால் பங்கு கண்ணாடி மாதிரி இருக்கிற ட்ரான்ஸ்லூசன்ட் சேர்ப்பேன், அப்பதான் முகத்துல உயிர் தெரியும். கண்ணு தலையோட பாதி உயரத்துல வரணும், எல்லாரும் நெத்தியில கொண்டுபோய் வச்சிடறாங்க. சுருக்கமெல்லாம் கிழியற மாதிரி கீறாதீங்க, க்ளே மேல மெல்லிசு பாலித்தீன் தாளைப் போட்டு அதுக்கு மேல ஊசியால இழுத்தா ஓரம் மழுங்கி நிஜத் தோல் மாதிரி விழும்.

காதுதான் ரசிச்சு செய்ய வேண்டிய இடம். மெல்லிசா ஒரு திரியை உருட்டி வளைச்சு, காது மடலை கன்னத்துக்குக் கீழ தொங்க விட்டு, அதை மட்டும் முகத்தோட முதல்ல வேக வைங்க. ஆறினதுக்கப்புறம் தொங்குற காதுல பாம்படம். மிளகு அளவுல ஒரு கட்டை, ஒரு உருண்டை, ஒரு தட்டை, மூணையும் ஒட்டி, வேகறதுக்கு முன்னாடியே பிரஷ்ல தங்க மைக்கா பொடியைத் தடவி, காதோடயே திரும்ப வேக வைக்கணும். நிஜத் தங்க ரேக்கு ஒட்டினா இன்னும் அழகு, மாந்தலேயில அடிக்கிற ரேக்கு இங்க சுலபமா கிடைக்கும். ஆனா பயாவுல, அதாவது புத்தர் கோயில்ல, ஒட்டறதுக்குன்னு வாங்கினதை இதுக்கு எடுக்காதீங்க, மனசு ஒப்பாது, தனியா வாங்கிக்கோங்க.

சேலைக்கு புதுத் துணி வேணாம், விறைச்சுக்கிட்டு நிக்கும், துவைச்சுத் துவைச்சு நைஞ்ச பழைய பருத்திச் சேலை ஓரம்தான் அந்த அளவுக்கு மடியும். முடிக்கு வெள்ளைக் கம்பளி நூலைப் பிரிச்சு பசை போட்டு ஒட்டி பின்னால கொண்டை.

கடைசியா கன்னத்துல தனக்கா, பர்மாவுல மரப்பட்டையை இழைச்சு முகத்துல பூசற விழுது அது, ரங்கூன் அப்பத்தாவுக்கு அது இல்லாம முகம் நிறையாது. நிஜத் தனக்காவையே இழைச்சுப் பூசிப் பார்த்தேன், காஞ்சதும் உதிருது. வெள்ளை அக்ரிலிக்ல துளி மஞ்சள் கலந்து, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ல வட்டமா ரெண்டு சுத்து, ஈரம் போறதுக்குள்ள விரல் நுனியால ஒரு தடவை ஒத்தி எடுங்க, நடுவுல அங்கங்க தோல் தெரியணும்.